தட்பவெப்பம் மாறுவது மனிதன் செய்கையாலா?

(மலாக்கா மாநிலத் தோட்டங்களிலும் அவற்றையடுத்த பட்டணங்களிலும் நடைபெறும் கூட்டங்களுக்கென அமைந்த உரை)



அண்மைக் காலமாக எந்தக் கூட்டத்துக்குச் சென்றாலும் ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. "ஐயா, உலகம் சூடாகிறது என்கிறார்கள். அதற்கு மனிதன்தான் காரணம் என்றும் சொல்கிறார்கள். நான் மோட்டார் சைக்கிளில் கடைத்தெருவுக்குப் போய் வருவதால் மழை மாறிவிடுமா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர் கேலியாகக் கேட்பதில்லை. விடியுமுன் எழுந்து பால்மரம் சீவி, வெயிலிலும் மழையிலும் வாழ்நாளைக் கழித்தவர் அவர். வானத்தைப் பற்றி நம்மைவிட அவருக்கு அதிகம் தெரியும். ஆதலின் இக்கேள்விக்குச் சுவரொட்டி வாசகத்தைப் பதிலாகச் சொல்வது தகாது. நெடுங்காலமாக உலகின் சராசரி வெப்பம் ஏறி வருவது மனிதன் செய்கையால்தான். ஆயினும் வெயில் கொளுத்தும் ஒவ்வொரு நாளுக்கும், வற்றிப்போகும் ஒவ்வொரு குளத்துக்கும் அதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் நம் மாநிலத்துச் செய்தியையே எடுத்துக்கொள்வோம். 1991ஆம் ஆண்டு மலாக்காவாசிகள் எளிதில் மறக்கக்கூடியதன்று. துரியான் துங்கல் நீர்த்தேக்கம் வற்றிப்போயிற்று. குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. வாளியும் குடமுமாக மக்கள் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றார்கள். அன்று இளைஞராயிருந்தவர்கள் இன்று பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்கிறார்கள். இந்த வறட்சியை வைத்து இரண்டு விதமாக வாதிடுவோர் உண்டு. "பார்த்தீர்களா, அப்போதே தட்பவெப்பம் கெட்டுவிட்டது" என்பார் ஒருவர். "அன்றும் வறட்சி வந்தது, பிறகு மழையும் வந்தது, இதெல்லாம் இயற்கைதான்" என்பார் மற்றொருவர். நம் எண்ணத்தில் இருவர் வாதமும் பொருந்தாது. அந்த ஆண்டு மழை பொய்த்தது உண்மை. ஆனால் பட்டணமும் தொழிற்பேட்டைகளும் சுற்றுலா விடுதிகளும் பெருகித் தண்ணீர்த் தேவை வளர்ந்துவிட்ட நிலையில், மாநிலம் பெரும்பாலும் ஒரே நீர்த்தேக்கத்தை நம்பியிருந்ததும் உண்மை. பிற்பாடு ஜூஸ் அணை எழுந்தது. ஜொகூரின் மூவார் ஆற்றிலிருந்தும் தண்ணீர் கொண்டுவரப்படுகின்றது. அப்படியிருந்தும் 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அணைகளில் நீர் தாழ்ந்து, மீண்டும் முறைவைத்துத் தண்ணீர் விட வேண்டியதாயிற்று. ஒரு வறட்சி வந்ததைக் கொண்டோ, இரண்டு வறட்சி வந்ததைக் கொண்டோ தட்பவெப்பம் மாறிவிட்டது என்று எழுதிவிட முடியாது. மாறவில்லை என்றும் எழுத முடியாது.

ஒரு தொழிலாளி கொண்டுவரும் பால் ஒரு நாள் குறைந்துவிட்டால், மரம் கெட்டுவிட்டது என்று எந்தக் கிராணியும் கணக்குப் புத்தகத்தில் எழுதமாட்டார். அன்று மழை பெய்திருக்கலாம், கத்தி மழுங்கியிருக்கலாம். அதே நிரையில் ஆண்டுக்கு ஆண்டு பால் குறைந்துகொண்டே போனால்தான் மரத்தைப் பார்க்கச் சொல்வார். வானிலை என்பது ஒரு நாள் பால். தட்பவெப்பம் என்பது பல்லாண்டுக் கணக்கு. உலக வானிலை அறிஞர்கள் முப்பது ஆண்டுச் சராசரியைத்தான் தட்பவெப்பம் என்று கொள்கிறார்கள்.

அந்தக் கணக்கு என்ன சொல்கின்றது? ஆலைகள் பெருகுவதற்கு முன்பிருந்த நிலையோடு ஒப்பிட, உலகின் சராசரி வெப்பம் கடந்த பத்தாண்டுக் காலத்தில் ஒரு பாகைக்கும் மேல் உயர்ந்துள்ளது. தனி ஆண்டாகப் பார்த்தால் 2024ஆம் ஆண்டு ஏறக்குறைய ஒன்றரைப் பாகை உயர்ந்து, அளவெடுக்கத் தொடங்கிய காலம் முதல் கண்டிராத வெப்பத்தைக் காட்டிற்று. நம் நாட்டிலும் ஒவ்வொரு பத்தாண்டிலும் பத்திலொரு பாகை முதல் கால் பாகை வரை ஏறி வந்திருப்பதை வானிலை நிலையங்களின் பதிவுகள் காட்டுகின்றன. கால் பாகை என்றால் காய்ச்சல்மானியில் பார்ப்பதற்கே அரிதான அளவு. ஆனால் இது ஓர் ஆளின் உடம்பன்று. கடலும் நிலமும் சேர்ந்த உலகம். அவ்வளவு பெரிய பொருளைக் கால் பாகை சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இங்கே எல் நினோ என்னும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் கரைக்கு அப்பாலுள்ள பசிபிக் கடல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வழக்கத்துக்கு மேல் சூடாகும். அப்போது நம் பக்கம் மழை குறையும். 1997, 1998 ஆண்டுகளிலும், 2015, 2016 ஆண்டுகளிலும், 2023, 2024 ஆண்டுகளிலும் அவ்வாறு நேர்ந்தது. பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ஆம் நாள் வெப்பம் 40.1 பாகையைத் தொட்டதும் அத்தகைய ஆண்டில்தான். எல் நினோ மனிதன் உண்டாக்கியதன்று, பழங்காலந்தொட்டு வருவது. அதற்கு மாறானது லா நினா. அது உலகைச் சற்றுக் குளிர்விக்கும், நமக்கு மழையை மிகுவிக்கும். இதில் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. 1998ஆம் ஆண்டு எல் நினோவால் அன்றுவரை உலகம் கண்ட வெப்பமான ஆண்டாக இருந்தது. 2021, 2022 இரண்டும் லா நினா ஆண்டுகள், குளிர்ந்திருக்க வேண்டியவை. ஆயினும் அவை 1998ஐவிட வெப்பமாக இருந்தன. மலாக்காக் கரையில் கடல் ஏறுவதும் வற்றுவதும் அன்றாட நிகழ்ச்சி. ஆனால் இன்றைய வற்றுநீர் அன்றைய ஏற்றநீரைவிட உயரமாக நிற்குமானால், ஏற்றவற்றத்தைக் காரணம் சொல்லி நாம் திருப்தியடைய முடியுமா? அடியில் வேறேதோ நடந்திருக்கின்றது என்றுதானே கொள்வோம்?

அந்த வேறேதோ என்ன என்பதைச் சொல்வதற்கு 1896ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. அவற்றைச் செய்தவர்கள் ஒருவரையொருவர் அறியார்.

முதலாவது நம் மலாக்காவில் நடந்தது. டான் சே யான் என்னும் சீனச் செல்வர், சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவர் ஹென்றி ரிட்லி கொடுத்த ஊக்கத்தால், புக்கிட் லிந்தாங்கில் ஏறக்குறைய நாற்பது ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வாணிபத்துக்கென எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. சில ஆண்டுகளில் புக்கிட் ஆசகானில் மிகப் பெரிய பரப்பில் நடத் தொடங்கினார். மரவள்ளியும் மிளகும் காப்பியும் பயிரிட்டு வந்தவர்கள் ரிட்லியைப் பைத்தியக்காரர் என்று பேசிய காலம் அது. பைத்தியம் தெளிந்தது மோட்டார் வண்டியால். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்து காட்டினார்; இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் அமெரிக்காவில் கார்கள் ஆயிரக்கணக்கில், பின்னர் இலட்சக்கணக்கில் ஓடத் தொடங்கின. அவற்றுக்கு டயர் வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும். ரப்பருக்குப் பால் வெட்டும் கைகள் வேண்டும். அந்தக் கைகளுக்காகத்தான் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குச் சென்றார்கள். நம் பாட்டனும் பாட்டியும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியதற்கும், லயத்தில் குடியேறியதற்கும் உலகத்தின் தெருக்களில் ஓடிய மோட்டார் வண்டியே மூலகாரணம். இன்றும் உலகில் விளையும் இயற்கை ரப்பரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் டயருக்கே போகின்றது. காருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் இதையும் நினைவிற் கொள்க.

இரண்டாவது காரியம் சுவீடன் நாட்டில் நடந்தது. அர்ஹீனியஸ் என்னும் விஞ்ஞானி, காற்றிலுள்ள கரியமில வாயு இரட்டிப்பானால் உலகம் எவ்வளவு சூடாகும் என்று கையால் கணக்குப் போட்டு 1896இல் வெளியிட்டார். ஐந்து அல்லது ஆறு பாகை என்று அவருக்கு விடை வந்தது. இன்று கணக்கிடுவோர் மூன்று பாகையளவில் வைக்கிறார்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்துக்கு முன் கணிப்பொறி எதுவுமின்றிச் செய்த கணக்குக்கு இது குறையன்று. நிலக்கரி எரிவதால் அந்த வாயு மிகும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று எண்ணினார். குளிர்நாட்டவராதலால், சற்றுச் சூடு ஏறினால் நல்லதே என்றும் கருதினார்! ரப்பர்த் தோட்டமும் மோட்டார் வண்டியும் சேர்ந்து எவ்வளவு வேகமாக வளரப் போகின்றன என்பது அன்று யாருக்கும் தெரியாது.

கரியமில வாயு எவ்வாறு சூட்டைப் பிடித்து வைக்கின்றது? இதைப் பால்மரம் சீவுவோருக்கு விளக்குவது எளிது. விடியற்காலை மரத்துக்குப் போகும்போது வானம் துலங்கி நட்சத்திரம் தெரிந்தால் குளிராக இருக்கும். மேகம் மூடியிருந்தால் புழுக்கமாக இருக்கும். பகலில் நிலம் வாங்கிய வெப்பம் இரவில் வானுக்குத் திரும்பிச் செல்கின்றது. மேகமும் நீராவியும் அதைத் தடுத்துக் கீழே திருப்பி அனுப்புகின்றன. கரியமில வாயுவும் அதே வேலையைச் செய்கின்றது. மேகம் காற்றில் கலைந்துபோகும். இது கண்ணுக்குத் தெரியாமல் நூற்றாண்டுக் கணக்கில் தங்கியிருக்கும். 1856இல் அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபூட் கண்ணாடிக் குழாயில் இந்த வாயுவை அடைத்து வெயிலில் வைத்து, அது மிகுதியாகச் சூடேறுவதைக் கண்டார். 1859இல் ஜான் டிண்டால் வெப்பத்தை அது தடுப்பதைக் கருவியால் அளந்து காட்டினார். இது கட்சி அரசியல் பிறப்பதற்கு முன்பே மெய்ப்பிக்கப்பட்ட பௌதிக உண்மை.

"காற்றில் அது மிகக் குறைவுதானே, அவ்வளவு சொற்பம் என்ன செய்துவிடும்?" என்று படித்த இளைஞர்கள் கேட்பதுண்டு. குறைவுதான். முன்பு பத்து இலட்சம் பங்கு காற்றில் 280 பங்கு இருந்தது. இன்று 420க்கு மேல். ஆனால் காற்றில் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்காயுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் இந்த வெப்பத்தைத் தடுப்பதே இல்லை. ஆதலின் தடுக்கக்கூடிய சொற்பத்துக்குத்தான் வலிமை. ஸ்டோரில் தொட்டி நிறையப் பால் இருக்கும். அதில் ஊற்றுகின்ற அமிலம் எவ்வளவு? அந்தச் சொற்பத்தால்தானே அவ்வளவு பாலும் உறைகின்றது.

வாயு மிகுந்திருப்பது சரி. அது மனிதனால் மிகுந்தது என்பதற்கு என்ன சாட்சி? இதுவே வழக்கின் மையம். சார்ல்ஸ் கீலிங் என்பவர் 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமேல், ஆலைப்புகை அண்டாத இடத்தில், அளவெடுக்கத் தொடங்கினார். அன்று 315 பங்கு. அந்த அளவெடுப்பினால் வாயு ஆண்டுதோறும் ஏறுவது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. தென்துருவப் பனிப்பாறையில் பழங்காலக் காற்று குமிழ்களாக அடைபட்டிருக்கின்றது. அதைத் தோண்டியெடுத்துப் பார்த்ததில், எட்டு இலட்சம் ஆண்டுகளில் ஒருபோதும் 300ஐ அது தொட்டுக் கடந்து நிலைத்ததில்லை என்று தெரிகின்றது.

இன்னும் நுட்பமான சாட்சி ஒன்றுண்டு. உயிருள்ளவற்றின் கரியில் சிறிதளவு 'கரி 14' என்னும் வகை இருக்கும். உயிர் போனபின் அது கொஞ்சங்கொஞ்சமாகச் சிதைந்து, ஐம்பதாயிரம் ஆண்டளவில் ஏறக்குறைய இல்லாமற் போகும். நிலக்கரியும் பெட்ரோலியமும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் மடிந்த உயிர்களிலிருந்து உண்டானவை. அவற்றில் கரி 14 கிடையாது. அணுகுண்டுச் சோதனைகள் அதைச் செயற்கையாக மிகுவிப்பதற்கு முன்பே, காற்றில் கரி 14இன் விகிதம் குறைந்து வந்ததை விஞ்ஞானிகள் அளந்து கண்டனர். பழங்கரி வந்து கலந்ததால் நேர்ந்த குறைவு அது. தோட்டத்துப் பாலில் யாரோ தண்ணீர் கலந்திருந்தால் கிராணி சோதித்துக் கண்டுபிடிப்பதில்லையா? அதுபோன்றதே இச்சோதனையும். காற்றில் ஆக்சிஜன் சிறிது சிறிதாகக் குறைந்து வருவதும் எங்கோ எரிப்பு நடக்கின்றது என்பதையே காட்டுகின்றது.

எரிமலைகளைக் காட்டுவோர் உண்டு. எரிமலைகளெல்லாம் சேர்ந்து ஓராண்டில் விடும் கரியமில வாயு, மனிதன் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மனிதன் நிலக்கரி, எண்ணெய், இயற்கை வாயு ஆகியவற்றை எரித்து விடுவது ஆண்டுக்கு ஏறக்குறைய 3,700 கோடி டன். பெரிய எரிமலை வெடிப்பு உண்மையில் உலகைக் குளிர்விக்கின்றது. 1991இல் பிலிப்பைன்ஸின் பினாத்துபோ எரிமலை வெடித்தபின், அடுத்த ஆண்டு உலகச் சராசரி ஏறக்குறைய அரைப் பாகை தாழ்ந்தது. அடுத்து, சூரியனைக் காரணம் காட்டுவோர். 1970களின் இறுதி முதல் விண்கோள்கள் சூரிய ஒளியின் அளவைக் கணக்கெடுத்து வருகின்றன, அது ஏறவில்லை. சூரியனே காரணமாயின் வானத்தின் மேலடுக்கும் கீழடுக்கும் ஒருங்கே சூடாக வேண்டும். நடப்பதோ வேறு: கீழடுக்கு சூடாகின்றது, மேலடுக்கு குளிர்கின்றது. போர்வைக்கு அடியில் சூடும் போர்வைக்கு வெளியே குளிரும் இருப்பதற்கு ஒப்பாகும் இது.

"விஞ்ஞானிகளே இன்னும் ஒத்துக்கொள்ளவில்லையே" என்பது மற்றொரு பேச்சு. 1988இல் ஐக்கிய நாட்டுச் சபையின் ஆதரவில் பன்னாட்டரசுக் குழு ஒன்று அமைந்தது. அதன் 1990ஆம் ஆண்டு அறிக்கை, மனிதன் செய்கையை இயற்கை மாற்றத்திலிருந்து பிரித்துக் காண இன்னும் பல ஆண்டுகள் ஆகலாம் என்றே சொல்லிற்று. 1995இல் மனிதனின் கை தெரிகின்றது என்றது. 2007இல் பெரிதும் வாய்ப்புண்டு என்றும், 2013இல் அதனினும் வலுவாகவும் கூறிற்று. 2021இல்தான் ஐயத்துக்கிடமில்லை என்று எழுதிற்று. முப்பது ஆண்டுகள் தயங்கித் தயங்கி எடைபோட்டு வந்த முடிவு இது. அவசரத் தீர்ப்பு என்று இதைச் சொல்வது நியாயமன்று.

இனி மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ. அது எரிந்தால் இரண்டேகால் கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியாகின்றது. முக்காலிலிருந்து இரண்டேகால் எப்படி வரும் என்று பள்ளிப் பிள்ளைகள்கூட வியப்பார்கள். பெட்ரோலிலுள்ள கரி, காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தன்னோடு சேர்த்துக்கொள்கின்றது. கூடுதல் எடை அங்கிருந்து வருகின்றது. தோட்டத்திலிருந்து பட்டணம் பத்து கிலோமீட்டர் தொலைவு என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடும் சிறிய மோட்டார் சைக்கிளில் போய் வந்தால், ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான வாயு. லிட்டருக்குப் பத்து ஓடும் காரில் ஒருவர் தனியே போய் வந்தால் நாலரைக் கிலோ. நாற்பது பேரோடு ஓடும் பஸ்ஸில் போனால் ஆளுக்கு அரைக் கிலோவுக்குள் அடங்கும். பெட்ரோல் எங்கோ தொலைவில் உண்டாவதுமில்லை. நம் மாநிலத்துச் சுங்கை ஊடாங்கிலேயே 1994 முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை இயங்கி வருகின்றது.

ஆனால் உலகத்துக் கரியமில வாயு முழுதும் வண்டிகளால் வருவதன்று. எரிபொருளால் உண்டாகும் வாயுவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போக்குவரத்தால். அதிலும் பெரும்பகுதி சாலை வண்டிகளால். மின்சார நிலையங்களின் பங்கு இதைவிடப் பெரிது. நம் நாட்டிலும் விளக்கும் விசிறியும் எரிவதற்குப் பெரும்பாலும் நிலக்கரியும் இயற்கை வாயுவும்தான் பயன்படுகின்றன. காடழிப்பும் சேர வேண்டும். நம் தோட்டங்களே காட்டை வெட்டி எழுந்தவைதாம் என்பதை மறைப்பதற்கில்லை. முன்னாளில் மூத்த மரங்களைச் சாய்த்துக் குவித்துத் தீயிட்டுத்தான் மறுநடவு நடந்தது. அந்த நெருப்பைப் பார்த்தவர்கள் இக்கூட்டத்திலும் இருப்பார்கள். 1980களின் இறுதியிலிருந்து, மரத்தைத் துண்டுகளாக்கி மண்ணிலேயே மக்கவிடும் எரிக்காத முறை தோட்டங்களில் பரவிற்று.

"ரப்பர் மரம் வாயுவை உள்ளே இழுக்கிறதே, நாம் நன்மைதானே செய்கிறோம்?" என்று கேட்பது பொருத்தமான கேள்வி. வளரும் மரம் இழுக்கின்றது, உண்மை. சாய்த்த மரம் நாற்காலியாகவும் மேசையாகவும் ஆனால், அக்கரி அதற்குள் தங்குகின்றது. விறகாக எரிந்தால் வானுக்குத் திரும்பிவிடும். ஆயினும் அந்த மரம் நிற்குமிடத்தில் முன்பு நின்ற பெருங்காட்டின் அளவு கரியை அது ஒருபோதும் சேர்த்து வைப்பதில்லை.

புகைமூட்டத்தையும் இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 1997இலும் 2015இலும் நீரிணைக்கு அப்பால் சுமத்ராவில் கரிச்சதுப்பு நிலங்கள் எரிந்து, மலாக்காவில் பள்ளிப் பிள்ளைகள் இருமிக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியும் அந்தப் புகை வெயிலை மறைத்துத் தற்காலிகமாகச் சற்றுக் குளிர்விக்கும். மழை பெய்தால் கழுவிப் போய்விடும். அதே நெருப்பிலிருந்து கிளம்பிய கண்ணுக்குத் தெரியாத வாயுதான் நம் பேரப்பிள்ளைகள் காலம் வரை தங்கும். கண்ணில் படுவதை மட்டும் கேடென்று எண்ணும் பழக்கம் நம்மிடம் மிகுதி.

பொறுப்பு யாருக்கு எவ்வளவு என்பதிலும் நியாயமாகப் பேச வேண்டும். மலேசியாவில் ஓராளுக்கு ஓராண்டில் ஏறக்குறைய எட்டு டன் கரியமில வாயு. இந்தியாவில் ஏறக்குறைய இரண்டு டன். ஆகவே "நாம் சிறிய நாடு" என்று கையை உதறிவிட முடியாது. நாட்டில் பதிவான மோட்டார் வண்டிகளின் எண்ணிக்கை மக்கள்தொகையையே தாண்டிவிட்டது. ஆனால் எட்டு டன் என்பது சராசரிக் கணக்கு. ஆயர் குரோ மாளிகையில் நான்கு குளிர்சாதனமும் மூன்று காரும் வைத்திருப்பவரையும், ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளோடு வாழ்பவரையும் ஒரே எண்ணில் அது கூட்டிவிடுகின்றது. பஸ் வராத பாதையில் வசிப்பவரைப் பார்த்து மோட்டார் சைக்கிளை நிறுத்து என்று சொல்வது அறிவுரையாகாது. பஸ் வேண்டும் என்று அவர் கேட்பதற்கு இந்தக் கணக்கு உதவுமானால் அதுவே பயன். தோட்டத்துக்கும் பட்டணத்துக்கும் இடையே காலையிலும் மாலையிலும் ஒழுங்காக ஒரு பஸ் ஓடினால், வாயுவும் மிச்சம், வெள்ளியும் மிச்சம், விபத்தில் போகும் இளைஞர் உயிரும் மிச்சம். அரசாங்கம் 2050ஆம் ஆண்டையொட்டி நாட்டின் வாயு வெளியேற்றத்தை நிகரச் சுழியாக்க எண்ணியிருப்பதாக 2021இல் அறிவித்தது. புதிய நிலக்கரி மின்நிலையம் கட்டுவதில்லை என்றும் சொன்னது. அந்த அறிவிப்பைத் தோட்டத்துப் பாதை வரைக்கும் கொண்டுவரும்படி தத்தம் சட்டமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுப்பது மக்களின் உரிமை.

நமக்கு இதில் என்ன நட்டம் என்பதை இறுதியாகப் பார்ப்போம். செம்பனை வறட்சியை உடனே காட்டாது. தண்ணீர் குறைந்த மாதங்களில் பெண்பூ குறைந்து ஆண்பூ மிகும். அதன் விளைவு ஓராண்டு, ஈராண்டு கழித்துக் குலையில் தெரியும். 2015இல் நாடு ஏறக்குறைய இரண்டு கோடி டன் செம்பனை எண்ணெய் எடுத்தது. எல் நினோ வறட்சிக்குப்பின் 2016இல் அது ஒரு கோடியே எழுபத்து மூன்று இலட்சம் டன்னாக விழுந்தது. எல் நினோ இயற்கையானதே. ஆனால் சூடேறிய உலகில் அது வரும்போது, மண்ணின் ஈரம் முன்னிலும் விரைவில் உலர்கின்றது. ரப்பருக்கோ எதிர்மாறான தொல்லை. விடியற்காலைக் குளிரில் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருப்பதால்தான் இருட்டிலேயே சீவுகின்றோம். அந்த நேரத்தில் மழை கொட்டினால் பட்டை நனைந்து பால் வழிந்துபோகும், நாட்கூலியும் போகும். சூடான காற்று ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலாக நீராவியைத் தாங்கும். பெய்தால் கனத்துப் பெய்யும். 2021 டிசம்பரில் நாட்டைத் தாக்கிய பெருவெள்ளம் மலாக்காவையும் விட்டுவைக்கவில்லை.

எல்லாவற்றிலும் நேரடியானது உடம்பு. தோட்டத்தில் இன்று பால் வெட்டுவோரைவிடக் குலை அறுப்போரே அதிகம். அவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் பலர். செம்பனை வேலை உச்சி வெயில் வரை நீள்கின்றது. வானிலை இலாகா வெப்பத்தை மூன்று நிலைகளாக அறிவிக்கின்றது: தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 பாகை வரையிருந்தால் முதல் நிலை, மூன்று நாளும் 37க்கு மேல் 40 வரையானால் இரண்டாம் நிலை, மூன்று நாளும் 40ஐக் கடந்தால் மூன்றாம் நிலை. முதல் நிலை அறிவிப்பு வந்தவுடனேயே, வேலையை விடியலில் தொடங்கிப் பதினொரு மணிக்குள் முடித்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தொழிற்சங்கக் கிளை வழியாக நிர்வாகத்திடம் கேட்கலாம். நிரைக்கு நிரை குடிநீர் வைக்கவும் கேட்கலாம். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அரை மணிக்கொருமுறை குடிக்க வேண்டும். வெறும் தேநீர் போதாது. தலைசுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு தோன்றினால் நிழலுக்கு வர வேண்டும். பேச்சுக் குழறி, நினைவு தடுமாறி, தோல் நெருப்பாய்ச் சுட்டால் அது வெப்பத் தாக்கு. வியர்வை நின்றிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆபத்து ஒன்றே. ஆளை உடனே நிழலில் கிடத்தி, சட்டையைத் தளர்த்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் ஈரத் துணி வைத்து, 999க்கு அழைத்துத் தோட்டத்தின் பெயரையும், பெரிய சாலையிலிருந்து உள்ளே வரும் பாதையையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். வாசற்கதவருகே ஓராள் நின்று ஆம்புலன்ஸை உள்ளே அழைத்து வருவது நல்லது. தோட்டத்துப் பாதைகள் ஓட்டுநருக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ணிவிடலாகாது.